குழந்தை மனநல மருத்துவத்தின் முன்னோடி
வைத்தியர் லியோ கானர் (1894 – 1981)

மனித குலத்துக்குத் தொண்டாற்றிய பெரியோர்களின் வரலாறுகளை நம் மாணவச் செல்வங்கள் பாடநூல்களிற் படித்து வருகின்றனர். நோய்க் கிருமிகளைக் கண்டறிந்தோரையும் மருந்துகளை ஆக்கித் தந்தோரையும் உலகம் நன்கறியும். மருந்தினால் மாற்ற முடியாத ஒரு நிலையோடு பிறக்கும் பிள்ளைகளை உற்றுநோக்கி, அவர்கள் யார், அவர்களுக்கு வேண்டுவது யாது என்று கேட்டவர்களின் பெயர்களோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அத்தகையோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் வைத்தியர் லியோ கானர். ஓட்டிசம் என்று உலகெங்கும் வழங்கப்படுவதும், தமிழில் மதியிறுக்கம் என்றும் தற்புனைவு என்றும் பெயரிடப்பட்டிருப்பதுமான நிலையைத் தனியாகப் பிரித்தறிந்து 1943ஆம் ஆண்டில் எழுதியவர் இவரே. இவருடைய வாழ்வில் பெருமைக்குரியன பல உண்டு. பெற்றோரின் உள்ளத்தைப் புண்படுத்திய பெரும் பிழையொன்றும் உண்டு. இரண்டையும் அறிவது நமக்குப் பயன் தரும்.

பிறப்பும் இளமையும்

ஒஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் கலீசியா மாகாணத்தில், புரோடி என்னும் நகருக்கு அண்மையிலுள்ள கிளெக்கோட்டோவ் என்ற சிற்றூரில் 1894ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் கானர் பிறந்தார். இன்று அப்பகுதி உக்ரேன் நாட்டின் எல்லைக்குள் அடங்குகின்றது. யூதக் குடும்பத்திற் பிறந்த அவருக்கு இட்ட பெயர் காஸ்கெல் லைப் என்பதாகும். பின்னாளில் லியோ என்ற பெயரையே அவர் தமக்குரியதாக்கிக் கொண்டார். வீட்டிலே இத்திஷ் மொழி, வெளியிலே வேறு மொழிகள் என்றவாறு பல மொழிகளின் நடுவே அவர் வளர்ந்தார். இரு மொழிகளுக்கிடையில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இவ்வனுபவம் புதியதன்று.

1906ஆம் ஆண்டில், தமது பன்னிரண்டாம் அகவையளவில், அவர் ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லினுக்கு வந்து சேர்ந்தார். இளமையில் அவருக்கிருந்த பேராசை கவிஞராக வேண்டுமென்பதே. அவ்வாசை கைகூடவில்லை. 1913இல் பேர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். முதலாம் உலகப் போர் மூண்டதும் ஒஸ்திரிய–ஹங்கேரியப் படையின் மருத்துவப் பிரிவிற் பணியாற்ற நேர்ந்தமையால் படிப்பு இடையில் நின்றது. போர் ஓய்ந்தபின் மீண்டும் கற்று 1921இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே ஜூன் லெவின் என்ற பெண்மணியை மணந்தார். பேர்லினின் புகழ்பெற்ற சாரிற்றே வைத்தியசாலையில் இதயநோய்ப் பிரிவில் அவர் வேலை செய்தார். மனநல மருத்துவம் அப்போது அவருடைய துறையாக இருக்கவில்லை.

புலம்பெயர்ந்த வைத்தியர்

போருக்குப் பிந்திய ஜேர்மனியிற் பணத்தின் பெறுமதி நாளுக்கு நாள் வீழ்ந்தது. குடும்பத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு ஒருபுறம், எதிர்காலம் பற்றிய ஐயம் மறுபுறம். 1924ஆம் ஆண்டு அவர் மனைவியுடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அங்கு அவருக்குக் கிடைத்த வேலை நியூயோர்க்கிலோ சிக்காகோவிலோ அன்று. தென் டக்கோட்டா மாநிலத்தின் யாங்ரன் என்ற ஊரிலிருந்த அரச மனநோய் வைத்தியசாலையிலேயே கிடைத்தது. மொழி புதிது, துறையும் புதிது. மனநோய் மருத்துவத்தை வேலை செய்துகொண்டே கற்றார். அமெரிக்கப் பழங்குடி மக்களின் நோய்கள் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். பற்களைப் பற்றிய நாட்டார் நம்பிக்கைகளைத் திரட்டி 1928இல் ஒரு நூலையும் வெளியிட்டார். மனிதர் எதைச் செய்தாலும் அதை ஆர்வத்தோடு நோக்கிக் குறித்துவைக்கும் இயல்பு அவரிடம் அன்றே இருந்தது.

1928ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் ஒரு திருப்புமுனையாயிற்று. பல்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அடொல்வ் மேயர் என்ற பேராசிரியரின் கீழ்ப் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. நோயாளியின் வாழ்க்கைக் கதை முழுவதையும் பிறப்பிலிருந்து கேட்டறிந்த பின்னரே முடிவு கூறவேண்டும் என்பது மேயரின் போதனை. இரண்டு ஆண்டுகளின் பின், 1930இல், மேயரும் குழந்தை மருத்துவப் பேராசிரியரான எட்வேட்ஸ் பார்க்கும் சேர்ந்து, குழந்தைகள் வைத்தியசாலையின் உள்ளேயே மனநலப் பிரிவு ஒன்றை நிறுவும் பொறுப்பைக் கானரிடம் ஒப்படைத்தனர். குழந்தை மருத்துவமும் மனநல மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் இணைந்தமை அந்நாளில் ஒரு புதுமையாகும். தாம் கண்டவற்றைத் தொகுத்து 1935இல் கானர் வெளியிட்ட குழந்தை மனநல மருத்துவ நூல், ஆங்கிலத்தில் அத்துறைக்கு எழுந்த முதற் பாடநூலாகும். அது நான்கு பதிப்புகளைக் கண்டது. குற்றம் சாட்டும் அறிவுரைகளுக்கு எதிராகத் தாய்மாருக்காக வாதாடும் நூல் ஒன்றை 1941இல் பொதுமக்களுக்கென எழுதினார். இந்த நூலை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். ஏனெனில் பின்னால் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது.

வேலைக்காரிகளாக்கப்பட்ட பெண்கள்

பல்டிமோருக்கு அண்மையில் ரோஸ்வூட் என்ற பெயருடைய அரச நிலையம் ஒன்று இருந்தது. அறிவுத்திறன் குறைபாடுடைய சிறுவர்களும் பெரியோர்களும் அங்கு தங்கவைக்கப்பட்டிருந்தனர். அங்கிருந்து பல பெண்கள் நீதிமன்றக் கட்டளையின் பேரில் விடுவிக்கப்பட்டிருந்ததைக் கானர் 1930களிற் கவனித்தார். ஆட்கொணர்வு மனு என்பது, காரணமின்றி அடைத்துவைக்கப்பட்ட ஒருவரை மீட்பதற்கென உண்டான உயர்ந்த சட்டக் கருவி. அந்தக் கருவி இங்கு வேறொன்றுக்குப் பயன்பட்டிருந்தது. வசதி படைத்த குடும்பங்களுக்குக் குறைந்த செலவில் வீட்டு வேலைக்காரிகள் வேண்டியிருந்தனர். அவர்களிடம் பணம் பெற்ற வழக்கறிஞர் மனுத் தாக்கல் செய்தார். நீதிபதிகள் அதிகம் விசாரியாமலே விடுதலை வழங்கினர். இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் 166 பேர்.

விடுதலை பெற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கானரும் அவருடன் பணிபுரிந்த சமூகப் பணியாளரும் வீடு வீடாகத் தேடிச்சென்று அறிந்தனர். வேலையிற் குறை கண்டு துரத்தப்பட்டோர் பலர். அவர்களிற் சிலர் நோயுற்று இறந்திருந்தனர். சிலர் சிறையிலும், சிலர் தெருவிலும், சிலர் சொல்லத் தகாத தொழிலிலும் சிக்கியிருந்தனர். பயிற்சியும் துணையும் இன்றி வெளியே விடப்பட்டவர்களைக் காக்க எவரும் இருக்கவில்லை. இச்செய்தியைக் கானர் மருத்துவர் மாநாட்டிற் பகிரங்கமாக எடுத்துரைத்தபோது நாடெங்கும் பத்திரிகைகள் அதை வெளியிட்டன. குறைபாடுடையவரை அடைத்துவைப்பது மட்டும் தீங்கு அன்று, உரிய ஏற்பாடில்லாமல் வெளியே விடுவதும் தீங்கே என்ற உண்மை அப்போது பலருக்கும் விளங்கியது. அந்த ரோஸ்வூட் நிலையமும் 2009ஆம் ஆண்டில் நிரந்தரமாக மூடப்பட்டது.

உயிர் வாழும் உரிமைக்காக

இக்காலத்தில் ஐரோப்பாவிலே பேரிடர் சூழ்ந்தது. ஹிட்லரின் ஆட்சியில் யூத வைத்தியர்கள் பதவிகளை இழந்தனர். கானரும் அவருடைய மனைவியாரும் அவர்களுக்கு அமெரிக்காவில் வேலையும் உறுதிக் கடிதங்களும் பெற்றுக்கொடுக்க இரவு பகலாக முயன்றனர். ஏறக்குறைய 200 வைத்தியர்கள் இவ்வாறு தப்பி வந்தனர் என்பர். வீசா, பொறுப்பாளர், உறுதிக் கடிதம் ஆகிய சொற்களின் பாரத்தை நம் பெற்றோர் நன்கறிவர்.

1939 முதல் ஜேர்மனியில் உடல், உள்ளக் குறைபாடுடையோரை அரசே கொல்லும் திட்டம் நடைபெற்றது. 1941ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துக்குள் சுமார் 70,000 பேர் நச்சுவாயுவினாற் கொல்லப்பட்டனர். குழந்தைகளைக் கொல்வதற்கெனத் தனி ஏற்பாடும் இருந்தது. இதற்கொத்த எண்ணம் அமெரிக்காவிலும் தலைகாட்டியது என்பதைப் பலர் அறியார். ஃபொஸ்ரர் கென்னடி என்ற நரம்பியல் வல்லுநர், மிகக் கடுமையான அறிவுக் குறைபாடுடைய பிள்ளைகள் ஐந்து அகவையை அடைந்தபின், பாதுகாவலர் கேட்டுக்கொண்டால், மருத்துவர் குழுவின் முடிவுப்படி அவர்களின் உயிரை முடித்துவிடலாம் என்று வாதிட்டார். 1942ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவ ஏட்டில் அவருடைய கட்டுரையும் அதனை மறுத்துக் கானர் எழுதிய கட்டுரையும் ஒரே இதழில் வெளிவந்தன.

கானரின் வாதம் எளிமையானது. மனிதரின் மதிப்பை அறிவுத்தேர்வின் புள்ளியால் அளக்க முடியாது. வயலில் உழைப்பவரும், துணி வெளுப்பவரும், நகரின் குப்பையை அகற்றுபவரும் இல்லாவிட்டால் பேராசிரியரின் வாழ்க்கையும் நடைபெறாது. ஒரு சமூகத்தில் ஒருவர் குறையுடையவராகத் தோன்றுவது பெரும்பாலும் அச்சமூகம் அவரிடம் எதை எதிர்பார்க்கின்றது என்பதைப் பொறுத்தது. அத்தகையோரைக் கொல்வதை அவர் அடியோடு மறுத்தார். அவ்விதழின் ஆசிரியர் குறிப்போ கென்னடியின் பக்கம் சாய்ந்து நின்றது. கானரும் தம் காலத்துக்கு முற்றாக அப்பாற்பட்டவர் அல்லர். பிள்ளை வளர்க்க இயலாதவர்களுக்குக் கருத்தடை செய்யலாம் என்ற அந்நாளைய கருத்தை அவர் முழுதாகக் கைவிடவில்லை. ஆயினும், உயிர் வாழும் உரிமையே கேள்விக்குள்ளான வேளையில் அவர் எப்பக்கம் நின்றார் என்பதில் ஐயமில்லை.

மிசிசிப்பியிலிருந்து வந்த கடிதம்

1938ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபொறெஸ்ற் என்ற சிற்றூரிலிருந்து கானருக்கு ஒரு நீண்ட கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு வழக்கறிஞர். பொருள், அவருடைய ஐந்து வயது மகன் டொனால்ட். கடிதம் 33 பக்கங்கள். தாய் வந்தாலும் போனாலும் மகன் கவனிப்பதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. ஆயினும் கேட்ட பாடல்களையும் வேதாகமப் பகுதிகளையும் ஒருமுறை கேட்டு ஒப்புவிப்பான். வட்டமான எதையும் சுழற்றிச் சுழற்றி மகிழ்வான். நாளாந்த ஒழுங்கில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் கதறுவான். மருத்துவர்களின் அறிவுரைப்படி மூன்றாம் வயதில் அவனை ஒரு நிலையத்தில் விட்டிருந்தனர். அங்கு அவன் வாடிப்போனதைக் கண்ட பெற்றோர், ஏறத்தாழ ஓராண்டின் பின் அவனை வீட்டுக்கு மீட்டு வந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் பல்டிமோருக்கு அழைத்து வந்தனர்.

கானர் தம் பாடநூலில் எழுதியிருந்த எந்த நோய்க்குள்ளும் டொனால்ட் அடங்கவில்லை. பெயர் தெரியாததொன்றுக்குப் பழைய பெயரொன்றைச் சூட்டி அனுப்பிவிடுதல் எளிது. கானர் அவ்வாறு செய்யவில்லை. காத்திருந்தார். வியன்னாவிலிருந்து அவரது உதவியோடு வந்து சேர்ந்திருந்த ஜோர்ஜ் ஃபிராங்கிள் என்ற வைத்தியரும் அக்குழந்தையை உற்றுநோக்கினார். ஃபிராங்கிள், ஹான்ஸ் அஸ்பேர்கர் பணியாற்றிய வியன்னா மருத்துவப் பிரிவில் முன்னர் வேலை செய்தவர். அடுத்து வந்த ஆண்டுகளில் இதே தன்மையுடைய வேறு பிள்ளைகளும் கானரிடம் வந்தனர். எட்டு ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகள் என மொத்தம் 11 பேர்.

இப்பதினொருவரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1943இல் வெளியாயிற்று. பிள்ளைகளின் செயல்களை அவர் நாட்குறிப்புப் போல ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தார். தூக்குவதற்குக் கை நீட்டினால் குழந்தை தன் உடலை அதற்கேற்ப ஆயத்தப்படுத்துவதில்லை. காது கேளாதவரோ என ஐயுற வைத்தோர் உளர். எட்டுப் பேர் பேசினர், மூவர் பேசவேயில்லை. பேசியோரும் தாம் கேட்ட சொற்களையே திரும்பச் சொல்லினர். தம்மை நீ என்றும் எதிரிலிருப்பவரை நான் என்றும் இடம் மாற்றிக் கூறினர். பொருள்களோடு நெடுநேரம் மகிழ்ந்திருந்தனர். இவையனைத்துக்கும் அடிப்படையாக இரண்டு இயல்புகளை அவர் கண்டார். ஒன்று, பிறந்தது முதல் தம்முள் தாமே இருத்தல். மற்றது, சுற்றியுள்ளவை மாறாதிருக்கவேண்டும் என்ற பெருவிருப்பம். சுவிற்சர்லாந்து வைத்தியர் ஒயிகன் புளொய்லர் 1911இல் வேறொரு மனநோயின் அறிகுறிக்கு இட்ட ஓட்டிசம் என்ற சொல்லைக் கானர் எடுத்தாண்டார். தான் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது.

இத்தகைய பிள்ளைகளை உலகில் முதன்முதற் கண்டவர் கானர் என்று கூறுதல் பொருந்தாது. மொஸ்கோவில் குறூனியா சுகரேவா என்ற பெண் வைத்தியர் 1920களின் நடுப்பகுதியிலேயே இதையொத்த சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். வியன்னாவின் அஸ்பேர்கர் 1944இல் எழுதினார். அவருக்கும் நாசி ஆட்சியின் குழந்தைக் கொலைத் திட்டத்துக்கும் இருந்த தொடர்பு 2018இல் வெளியான ஆய்வினால் வெளிச்சத்துக்கு வந்தது. ஆயினும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது கானரின் கட்டுரையையே.

பெற்றோர் மேல் விழுந்த பழி

1943ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவில், இப்பிள்ளைகள் பிறக்கும்போதே இவ்வியல்போடு பிறக்கின்றனர் என்றுதான் கானர் எழுதினார். அதே கட்டுரையில் இன்னொன்றையும் குறித்தார். இப்பிள்ளைகளின் பெற்றோரிற் பலர் படித்தவர்கள், தொழில்வல்லோர், மனத்தின் அன்பை வெளிக்காட்டாதவர்கள் என்பதே அது. காலப்போக்கில் அந்தச் சிறு குறிப்பு வளர்ந்து பெருமரமாயிற்று. 1949இல் எழுதிய கட்டுரையில், பெற்றோரின் குளிர்ந்த மனத்தினுள் இப்பிள்ளைகள் குளிர்சாதனப் பெட்டியிலே வைக்கப்பட்டாற்போல இருந்தனர் என்ற உவமையை அவர் கையாண்டார். பத்திரிகைகள் அதைப் பற்றிக்கொண்டன. அக்காலத்தில் எதற்கும் தாயின் வளர்ப்பையே காரணமாகக் காட்டும் உளப்பகுப்புக் கொள்கை அமெரிக்காவில் ஓங்கியிருந்தது. தாய்மாருக்காக வாதாடிய அதே மனிதரின் வாயிலிருந்து தாய்மாரைச் சுடும் சொல் பிறந்தது.

அவருடைய தவறு எங்கே நேர்ந்தது என்பதை மாணவர்கள் சிந்தித்துப் பார்த்தல் நன்று. பெருநகரப் பல்கலைக்கழகத்தின் நிபுணர் ஒருவரைத் தேடிப் பல நூறு மைல் பயணம் செய்து வரக்கூடியவர் யார்? படித்தவரும் வசதியுடையவருமே. ஏழைகளின் வீட்டிலும் இத்தகைய பிள்ளைகள் இருந்தனர். அவர்கள் பல்டிமோர் வரை வந்து சேரவில்லை. வந்தவர்களை மட்டும் கண்டு, பெற்றோர் இத்தன்மையர் என்று முடிவு கட்டியதே பிழை. டொனால்டின் தந்தை எழுதிய 33 பக்கக் கடிதத்தில் மிகையான நுணுக்கத்தை அவர் கண்டார். அந்த நுணுக்கம் இல்லாதிருப்பின், கானரின் புகழ்பெற்ற கட்டுரையின் முதற் பகுதியே எழுதப்பட்டிருக்க மாட்டாது.

விளைவு கொடியதாயிற்று. பிள்ளையைப் பற்றிக் கவலையோடு வந்த தாய், குற்றவாளியாகத் திரும்பிச் சென்றாள். பிள்ளைக்குக் கற்பிப்பதை விட்டுத் தாய்க்கு உளச்சிகிச்சை அளித்தனர். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதே மருந்தெனக் கூறியோரும் உண்டு. 1967இல் புறூனோ பெற்றெல்ஹைம் என்பவர் எழுதிய நூல் இக்கொள்கையை உச்சத்துக்குக் கொண்டு சென்றது. தாயைப் போல் பிள்ளை என்னும் பழமொழியை நாமும் எத்தனை முறை எடுத்து வீசியிருக்கின்றோம் என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

பழியை நீக்கிய நாள்

இப்பழியை முதலில் எதிர்த்து நின்றவர் ஒரு தந்தை. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய பேர்னாட் றிம்லண்ட் தம் மகனுக்கு ஓட்டிசம் என்றறிந்தபின், கிடைத்த ஆய்வுகள் அனைத்தையும் தேடிப் படித்தார். பெற்றோரின் குளிர்ச்சி காரணமன்று, மூளையின் அமைப்பே காரணம் என்று வாதிடும் நூலை 1964இல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் வேறெவருமல்லர், கானரே. 1965இல் பெற்றோர் ஒன்றுசேர்ந்து தேசிய சங்கம் ஒன்றை நிறுவினர். 1969ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வாஷிங்ரன் நகரில் நடைபெற்ற அச்சங்கத்தின் மாநாட்டில் 75 அகவை நிரம்பிய கானர் மேடையேறினார். ஓட்டிசம் பிறப்போடு வருவது என்றே தாம் தொடக்கத்தில் எழுதியதை அவர் நினைவூட்டினார். பெற்றெல்ஹைமின் நூலை வெறுமையானதென ஒதுக்கினார். பெற்றோராகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கின்றேன் என்ற பொருள்பட அவர் பேசியபோது, மண்டபத்திலிருந்தோர் எழுந்து நின்று கைதட்டினர்.

அவர் தம் பங்கை முழுமையாக ஏற்றுக்கொண்டாரா என்பது வேறு கேள்வி. தம் சொல் தவறாக எடுத்தாளப்பட்டது என்றே அவர் கூறினார். குளிர்ச்சி பற்றிய உவமை அவருடையது என்பதை வரலாறு மறக்கவில்லை. எனினும், இருபது ஆண்டுகளாகத் தலை குனிந்திருந்த தாய்மாருக்கு அன்று கிடைத்த ஆறுதல் பெரிது. 1977இல் சூசன் ஃபொல்ஸ்ரைன், மைக்கல் றட்டர் ஆகிய இருவரும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் 4 சோடிகளில் இருவருக்கும் ஓட்டிசம் காணப்பட்டது. வெவ்வேறு கருவிலிருந்து பிறந்த 10 சோடிகளில் ஒன்றிலேனும் அவ்வாறு காணப்படவில்லை. பரம்பரை அலகுகளின் பங்கு இதனால் தெளிவாயிற்று. பிற்கால ஆய்வுகள் அதனை மேலும் உறுதிப்படுத்தின.

முப்பது ஆண்டுகளின் பின்

கானரின் ஆய்வு மனப்பான்மைக்கு இன்னொரு சான்று உண்டு. 1959இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அறிவுத்திறன் குறைபாடுடையோரின் பராமரிப்பு வரலாற்றை 1964இல் நூலாக்கினார். பிரான்சின் காட்டிலிருந்து பிடிபட்ட சிறுவனுக்குக் கற்பிக்க முயன்ற இத்தார், அவர் வழியில் பாடசாலை அமைத்த செகான் முதலியோரின் பணிகள் அதில் விரிவாக இடம்பெறுகின்றன. 1971இல் தொடங்கப்பட்ட ஓட்டிச ஆய்வு ஏட்டின் முதல் ஆசிரியராகவும் விளங்கினார். அவ்வாண்டிலேயே, தாம் முன்னர் கண்ட அந்தப் பதினொரு பிள்ளைகளும் எவ்வாறு உள்ளனர் எனத் தேடி அறிந்து எழுதினார்.

அக்கட்டுரை காட்டிய உண்மை நெஞ்சை உலுக்குவது. பெரிய அரச நிலையங்களில் விடப்பட்டோர் சிறுவயதிற் காட்டிய நினைவாற்றலையும் ஆர்வத்தையும் இழந்து, எதையும் நாடாதவர்களாய் ஒடுங்கிப் போயினர். நிலையத்திற் சேர்ப்பது ஆயுட்தண்டனைக்கு ஒப்பானது என்ற முடிவுக்குக் கானர் வந்தார். டொனால்டின் கதையோ வேறு. 1942இல் அவனை அவன் வீட்டுக்கு அண்மையிலிருந்த கமக்காரத் தம்பதியரிடம் விட்டிருந்தனர். அவர்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். அளப்பதில் அவனுக்கு ஆசை என்று கண்டு, கிணற்றின் ஆழத்தை அளக்கும்படி கூறினர். எண்ணுவதில் ஆசை என்று கண்டு, சோளப் பயிரின் வரிசைகளை உழுதுகொண்டே எண்ணவிட்டனர். கானர் 1945இல் அங்கு நேரிற் சென்று, உழுத நிலத்தில் ஏர் திருப்பும் அச்சிறுவனைக் கண்டு வியந்தார். டொனால்ட் பின்னர் உயர்தரப் பாடசாலையை முடித்து, 1958இல் மில்சாப்ஸ் கல்லூரியிற் பட்டமும் பெற்றார். ஊர் வங்கியில் வேலை செய்தார், கோல்ஃப் விளையாடினார், தனியே உலகப் பயணம் செய்தார். ஊரார் அவரை அவருடைய இயல்போடு ஏற்றுக்கொண்டனர். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமது 89ஆம் அகவையில் சொந்த ஊரிலேயே காலமானார்.

ஒரே ஆண்டில், ஒரே கட்டுரையில் எழுதப்பட்ட பிள்ளைகள் இவர்கள். இயல்பில் அவர்களுக்குள் வேறுபாடுகள் இருந்தன. டொனால்டின் குடும்பம் வசதியானது என்பதும் உண்மை. ஆயினும், அவர்களைச் சுற்றியிருந்தோர் என்ன செய்தனர் என்பதே வாழ்வின் போக்கைப் பெரிதும் மாற்றியது. பராமரிப்புப் பற்றிய ஆய்வு என்பது நோயின் பெயரைக் கண்டுபிடிப்பதோடு முடிவதன்று, முப்பது ஆண்டுகளின் பின் அப்பிள்ளை எங்கே இருக்கின்றார் என்று தேடிச் செல்வதுமாகும் என்பதைக் கானர் இக்கட்டுரையாற் காட்டினார்.

1981ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்தின் சைக்ஸ்வில் என்ற ஊரில், 86ஆம் அகவையில் லியோ கானர் இயற்கை எய்தினார்.

நமக்குரிய பாடம்

கானர் வகுத்த எல்லை மிகக் குறுகியது. ஓட்டிசம் அரிதினும் அரிதானது என்று அவர் நம்பினார். இலண்டனில் லோனா விங், ஜூடித் கூல்ட் ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வியல்புகள் பலவகையாகவும் பல அளவுகளிலும் பரந்திருப்பதை எடுத்துக்காட்டியது. சிலருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருக்கும். சிலர் பெரும் படிப்பாளிகளாக இருப்பர். சிலர் வாய்ச்சொல் இன்றிப் படங்களாலும் கருவிகளாலும் தம் எண்ணத்தைத் தெரிவிப்பர். ஓட்டிசம் உடையோர் இன்று தாமே நூல் எழுதுகின்றனர், ஆய்வு செய்கின்றனர், தமக்கு எது உதவி, எது தொல்லை என்று தாமே கூறுகின்றனர். கானரின் காலத்தில் எவரும் அவர்களைக் கேட்டதில்லை.

நம் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. பிள்ளை பேசப் பிந்தினால் வீட்டிலே தமிழை விட்டுவிடுமாறு அறிவுரை பெற்ற பெற்றோர் பலர். இவ்வறிவுரையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. இரு மொழிச் சூழலில் வளரும் ஓட்டிசம் உடைய பிள்ளைகள், ஒரு மொழியில் வளரும் அத்தகைய பிள்ளைகளை விட அக்காரணத்தாற் பின்தங்குவதாக ஆய்வுகளிற் காணப்படவில்லை. பாட்டியும் பாட்டனும் பேசும் மொழியை ஒரு பிள்ளையிடமிருந்து பறித்தால், குடும்பத்தின் பாதிப் பேச்சு அப்பிள்ளைக்கு எட்டாமற் போகும்.

பெற்றோர்களே, விழாக்களிலும் விருந்துகளிலும் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதைக் கண்டால், வளர்ப்புச் சரியில்லை என்று ஒரு சொல் நம் நாவில் எழக்கூடும். அந்தச் சொல்லைத்தான் 1969இல் கானர் திரும்பப் பெற்றார். அதை நாம் மீண்டும் எடுத்துச் சூட வேண்டியதில்லை. அக்குடும்பத்தை அடுத்த விழாவுக்கும் அழைத்து, பிள்ளைக்கு அமைதியான ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தால் அது பேருதவியாகும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பிலும் தனியே அமர்ந்து ஒரே பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் தோழன் ஒருவனோ தோழி ஒருத்தியோ இருக்கலாம். கிணற்றை அளக்கச் சொன்ன அந்தக் கமக்காரரை நினைவிற் கொள்ளுங்கள். அப்பிள்ளைக்கு எதில் விருப்பம் என்று முதலிற் பாருங்கள். அதிலே உங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். மறுமொழி வரத் தாமதமாகலாம். காத்திருங்கள்.